மேர் ஐயா கேட்ட கட்டைவிரல்

அந்த ஒரு நிமிடத்தில் நான் ஏன் அவளைக் கைகாட்டினேன்?

மூன்று மாதத்துக்கு மேலாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொல்லிப் பார்த்தேன். பயந்தவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே. எனக்குப் பேச்சு வந்தது, தடுமாறாமல் வந்தது. பழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குமுன் அவள்மேல் ஒரு குறைகூட நான் சொன்னதில்லை. வேறு காரணம் தேடினால் இன்னும் மோசமான இடத்துக்குப் போய் நிற்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது மூலக்குளத்தில். வாக்கப்பட்டது பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் எழுதப்போவதில்லை. மற்றவர்களைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முக்கால்வாசி என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மேர் ஐயாவின் படம் மாட்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த கொம்யூனுக்குத் தலைவரை மேர் என்பார்கள். அவர் நெடுநாள் மேராக இருந்தவர், என் மாமனாருக்குப் பெரிய தாத்தா முறை. கோட்டு, தலைப்பாகை, மார்பில் குறுக்காக நீலம் வெள்ளை சிவப்புப் பட்டை. பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தார், ஏரிக்கரையை உயர்த்தினார், பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்து ஊரைக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். கூட்டுரோட்டில் அவருக்குச் சிலை உண்டு. ஒரு கையில் புத்தகம், இன்னொரு கை கொடுப்பதுபோல முன்னால் நீண்டிருக்கும். திருமணத்தன்று சாமி கும்பிட்ட கையோடு அந்தப் படத்தின் முன்னால்தான் விழுந்தேன்.

தை மாதக் கடைசியில் அவருடைய நினைவு நாள். சிலைக்கு மாலை, சாப்பாடு, சாயங்காலம் மேடை. மேடையில் முதல் நிகழ்ச்சி எப்போதும் ஒன்றேதான். எங்கள் வகையறாவில் ஒரு குழந்தைக்கு மேர் ஐயா வேடம் போட்டு, பட்டை குறுக்கே கட்டி, நாலு வரி பேச வைப்பார்கள். இதுவரை பையன்கள்தான் போட்டார்கள். இந்த வருடம் அந்த வயதில் பையன் இல்லை. என் மகளுக்கு ஐந்து முடியப்போகிறது. "பொட்டப்புள்ளயா இருந்தா இன்னா, மீசையத் தீட்டி வுட்டா தெரியவா போவுது" என்று மாமனாரின் அண்ணன் முடிவு சொல்லிவிட்டார். வகையறாவுக்கு அவர்தான் பெரியவர். எங்களுக்குப் பக்கத்து வீடு.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கவலையாக இருந்தது. மகள் கட்டைவிரல் சப்புவாள். தூங்கும்போது, டிவி பார்க்கும்போது, யாராவது பெயர் கேட்டால்கூட விரல் வாய்க்குப் போய்விடும். மேடையில் மேர் ஐயா விரல் சப்பிக்கொண்டு நின்றால்?

வேப்பெண்ணெய் தடவினேன். பாகற்காய்ச் சாறு தடவினேன். அவள் முகம் சுளித்து நக்கித் தீர்த்துவிட்டு மறுபடி சப்பினாள். டாக்டர், தானாக நின்றுவிடும் என்றார். இணையத்தில் பல் வரிசை கெட்டுவிடும் என்று போட்டிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். கேஸை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிற ஆள் நான். என் மாமியார் ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. ஆனால் யார் வந்தாலும், "நாங்க ஆறு புள்ள வளத்தோம், ஒண்ணு வெரலு சப்பல" என்று மட்டும் சொல்வார்.

அந்த மார்கழியில்தான் படம் வந்தது.

சினிமா என்று அதைச் சொன்னால் சினிமாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து இளைஞர்கள் சேர்ந்து எடுத்து இணையத்தில் போட்ட ஐம்பது நிமிடப் பேய்ப்படம். ஊர் பெயரை மாற்றியிருந்தார்கள். ஆனால் கோட்டும் தலைப்பாகையும் பட்டையும் மாறவில்லை. கதை இதுதான்: ஊரே கும்பிடுகிற ஒரு மேர், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுகிறார். கஞ்சி வாங்க வருகிறவர்களிடம், பெயர் எழுதத்தான் என்று சொல்லி ஒரு காகிதத்தில் கைரேகை வாங்குகிறார். அது நிலத்தை எழுதிக்கொடுத்த பத்திரம். செத்த பிறகும் அவருக்கு ஆசை தீரவில்லை. சிலையிலிருந்து இறங்கி வந்து வீடு வீடாகக் கட்டைவிரல் கேட்கிறார். கழுத்தில் கட்டைவிரல் மாலை.

சிலை தெர்மாகோலில் செய்தது. அது நடக்கும்போதெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. ரத்தம் பீட்ரூட் சாறு, ஒரு காட்சியில் துருவல்கூடத் தெரிந்தது. பேய் கதவை உடைக்கிற நேரத்தில் பின்னால் ஒரு ஆடு நிதானமாக நடந்து போனது, அதை வெட்டாமலே விட்டிருந்தார்கள். மாலையில் கோத்திருந்தவை வெண்டைக்காய்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பேய் கையை நீட்டி, மூக்கால் கேட்கும்: "கஞ்சி குடிச்சியா? கட்டவெரலக் குடு."

எங்கள் ஊரில் ஒருவர்கூடப் பார்க்காத படம் அது. ஆனால் அந்த வசனம் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் முன்னால் பேச்சு வந்தால் "ச்சீ, அந்தக் கர்மத்த யாரு பாப்பா" என்பார்கள். நான் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில், போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. கைரேகை வைத்த காகிதத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். எனக்கு வேறொரு காகிதம் நினைவுக்கு வந்தது. கரிக்கலாம்பாக்கம் பக்கத்து வயலை மனை போட்டபோது, படித்தவள் என்று பழைய பத்திரங்களை நகல் எடுத்துவர என்னிடம்தான் கொடுத்தார்கள். நொத்தேர் பத்திரம் என்பார்கள், பிரெஞ்சு காலத்தில் பத்திரம் எழுதிப் பதிகிறவர் நொத்தேர். முழுக்கப் பிரெஞ்சு, எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் வரிசையாகக் கட்டைவிரல் ரேகைகள், மங்கிப்போய், மூன்று வரிசை. நகலில் அவை தெளிவாக விழவேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை எடுக்கச் சொன்னேன். அப்போது அவை யாருடையவை என்று எனக்குத் தோன்றவில்லை. படம் பார்த்த பிறகு தோன்றியது. தோன்றியதைத் துணியோடு மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மகளைச் சாப்பிட வைக்கும்போது அவள் விரல் மறுபடி வாய்க்குப் போனது. நினைவு நாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நான் போனை எடுத்தேன். பேய் கதவைத் தட்டி விரல் கேட்கிற இரண்டு நிமிடத்தை மட்டும் காட்டினேன். "விரல் சப்பற பிள்ளைங்ககிட்டதான் இவர் மொதல்ல வருவாராம்" என்று நானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. கையை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அன்று தூங்கும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்துத் தூங்கினாள். மூன்று நாளில் பழக்கம் நின்றது. மாமியார் பூரித்துப்போய் அவளுக்கு உப்பு சுற்றிப் போட்டார். "என்னா பண்ணியோ, நிறுத்திட்டியே" என்று என்னையும் பாராட்டினார். ஒன்றுமில்லை அத்தே, எடுத்துச் சொன்னேன், கேட்டுக்கொண்டாள் என்றேன்.

மேர் ஐயாவின் படத்தைத் தாண்டும்போது அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடக்க ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்தேன். மரியாதை என்று மாமியார் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இனி நான் கைகாட்டியவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான் இருக்கும். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. மகளுக்குப் பகல் பன்னிரண்டரைக்கே பள்ளி விட்டுவிடும். நான் வருவதற்கு ஐந்தாகும். இடையில் அவள்தான் வந்து பார்த்துக்கொண்டாள். மாமியாருக்கு முட்டிவலி, ஓடுகிற குழந்தையின் பின்னால் போக முடியாது. என் மகள் அவளை அக்கா என்பாள். அவள் என்னை டீச்சர் என்பாள், நீங்க என்பாள். நான் அவளை நீ என்பேன். அவள் டீ குடிக்கிற டம்ளர் பின்பக்க ஜன்னல் சன்ஷேடில் தனியாகக் கவிழ்த்திருக்கும். வந்த புதிதில் அது எனக்கு உறுத்தியது. பிறகு அந்த டம்ளரை நானே கழுவி அதே இடத்தில் கவிழ்க்கப் பழகிவிட்டேன். அவள் கணவர் பெயின்ட் வேலைக்குப் போகிறவர். அந்தப் படத்தில் முதலில் விரலை இழந்து, முகமெல்லாம் பவுடரோடு கத்திக்கொண்டு ஓடுகிறவர் அவர்தான்.

மேடைப் பேச்சை நான்தான் எழுதினேன். "நான்தான் மேர். பள்ளிக்கூடத்துக்கு இடம் தந்தேன். ஏரிக்குக் கரை தந்தேன். பசித்தவருக்குக் கஞ்சி தந்தேன். நீங்கள் நன்றாகப் படியுங்கள்." அவ்வளவுதான். இருபது தடவை சொல்ல வைத்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அன்று சாயங்காலம் என் மகள் எவ்வளவு அழகாக இருந்தாள். மை மீசை, சின்னக் கோட்டு, நான் தைத்த மூவண்ணப் பட்டை. முன்வரிசையில் மாமனார், அவர் அண்ணன், சொந்தக்காரர்கள், அழைத்திருந்த பெரிய மனிதர்கள். பின்னால் ஊர். ரோட்டை ஒட்டி நின்றுகொண்டு காலனிக்காரர்கள். மைக்கை இறக்கிவிட்டார்கள். மகள் இடம் தந்தாள், கரை தந்தாள். "பசித்தவருக்குக் கஞ்சி தந்தேன்" என்றாள். அப்புறம் ஒரு கணம் நின்றாள். கையை முன்னால் நீட்டினாள். மூக்கால் கேட்டாள்:

"கஞ்சி குடிச்சியா? கட்டவெரலக் குடு."

முதலில் பின்னாலிருந்து சிரிப்பு வெடித்தது. யாரும் பார்க்காத படத்துக்கு ஊரே சிரித்தது. கைதட்டினார்கள், ஒருவர் விசிலடித்தார். கைதட்டல் கேட்டதும் மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. விரல்களை வளைத்துக்கொண்டு பேய்ச் சிரிப்பும் சிரித்துக் காட்டினாள். முன்வரிசை திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகுகளைப் பார்த்து ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு அடங்கியது. நான் மேடையேறி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "நல்லா சொன்னனாம்மா?" என்று என் காதில் கேட்டாள்.

வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அண்ணன்தான் கேட்டார். "அஞ்சு வயசுப் புள்ள, அதுவா தேடிப் போயிப் பாக்குமா? யாரு காமிச்சது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது, சும்மா பார்த்தார். அப்போது மாமியார் எனக்காகப் பேசினார். "நம்ம வூட்ல யாரு காமிக்கப் போறா? டீச்சரு வேல பாக்கறவ, அவளா காமிப்பா?"

அந்த நம்பிக்கைதான் என்னைத் தள்ளிவிட்டதா? தெரியவில்லை. நான் இதைத்தான் சொன்னேன்: "மத்தியானமெல்லாம் பாப்பா அவகிட்டதான் மாமா இருக்கா. அவ வூட்டுக்காரரே அதுல நடிச்சிருக்காரு."

இரண்டும் உண்மை. அவள் காட்டினாள் என்று நான் சொல்லவே இல்லை. எத்தனையோ நாள் இதைச் சொல்லி என்னை ஆறுதல்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் ஏழாம் வகுப்புக்கு இரண்டு வரி கொடுத்தால் மூன்றாவது வரியை அவர்களாக எழுதிவிடுவார்கள் என்று தெரிந்துதானே எழுதிப் போடுகிறேன். மூன்றாவது வரியை மாமனாரின் அண்ணன் எழுதினார். "அதான பாத்தேன்."

மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். மீசை அரைகுறையாக அழிந்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். நான் அவள் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். பார்த்தவர்களுக்கு அது ஆறுதலாகத் தெரிந்திருக்கும். அவள் வாயை அடைத்தேன், அதுதான் நடந்தது.

மறுநாள் காலையில் காலனியிலிருந்து அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். பின்கட்டில் நின்றாள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டதும் அவள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "ஆமாங்க. கொழந்த சாப்புடலன்னு காமிச்சிட்டேன். தப்புதாங்க."

சாப்பிடவில்லை என்று காட்டினேன் என்றாள். சாப்பாட்டு நேரத்தில்தான் நான் காட்டினேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? என் மகள் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே தலையாட்டினாள். டப்பாவின் மூடி கோணலாக மாட்டிக்கொண்டது, அதை எடுத்து மறுபடி மூடினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

சிலைக்குக் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி வேலைக்கு வரவேண்டாம் என்று முடிவானது. நான் ஏறிய பேருந்து கூட்டுரோட்டைத் தாண்டும்போது அவள் சிலைக்கு முன்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். நான் ஜன்னலோரத்தில் இருந்தேன். குனிந்து பையில் எதையோ தேடினேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த உறவுக்காரம்மா ஒருவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு விளையாட்டாகக் கேட்டார், "யாருடி உனுக்கு அந்தப் பேயிப் படத்தக் காமிச்சது?" மகள் என்னைப் பார்த்தாள். "அக்கா" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வாய்ப்பாடு, திருக்குறள், மேடைப் பேச்சு எல்லாம் இருபது தடவை சொல்லிக்கொடுத்தேன். இதை அவள் ஒரே தடவையில் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சித்திரையில் இன்னொரு வாய்ப்பு வந்தது. மெயின் ரோட்டில் ஒரு நர்சரி பள்ளி இருக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் அங்கே விண்ணப்பம் கொடுத்திருந்தாள். அந்தப் பள்ளியை நடத்துகிறவர் மாமனாருக்குத் தெரிந்தவர். எங்கள் வீட்டில் வேலை பார்த்தவள் என்பதால் விசாரிக்க வந்தார். நான்தான் காபி கொண்டுபோனேன். "நல்ல பொண்ணுதான். சுத்தம். கையும் சுத்தம். ஆனா புள்ளைக்கு அதக் காமிச்சது அவதான்" என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். வந்தவர் சர்க்கரை கொஞ்சம் வேண்டும் என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வேலைக்கு வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

அன்று என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். "நீயா?" என்றார். அப்புறம், முடிந்துபோனதை எதற்குக் கிளறுகிறாய், பெரியப்பா காதுக்குப் போனால் உன்னை இந்த வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசி என்றார். அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். நானும் ஒரு வாரம் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பள்ளி அரைநாள். அவள் வீட்டுக்குப் போனேன். ஏரிக்கரையைத் தாண்டி அந்தப் பக்கம் நான் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடத்தில்.

வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்தாள். "இன்னா டீச்சர், இவ்ளோ தூரம். பாப்பா எப்டி இருக்குது?" என்று கேட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டுத் தன் வீட்டுக் கண்ணாடி டம்ளரில் கொடுத்தாள். அதை வாங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாதீங்க டீச்சர். பக்கத்து வூட்ல, நா எதனா உங்கள ஏசிட்டேன்னு நெனச்சிக்கப் போறாங்க."

நான்தான் காட்டினேன் என்றேன். தெரியும் என்றாள். நான் காட்டியதற்கு மறுநாளே என் மகள் அவளிடம் சொல்லியிருக்கிறாள், தன் கட்டைவிரலை எங்கே ஒளித்து வைப்பது என்றும் கேட்டிருக்கிறாள். "அத்த ஏன் கேக்கறீங்க. என் முந்தானியில வெரல முடிஞ்சி வெச்சினுதான் அது தூங்கும். எனுக்கு எழுந்திரிக்க முடியாது."

பிறகு ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன்.

"இல்லன்னு சொன்னா, டீச்சரு பொய் சொல்றாங்கன்னு நா சொல்லணும். யாரு நம்புவா? எங்க ஆளு வேற மூஞ்சி பூரா பவுடரப் பூசிக்கினு அதுல கத்திக்கினு ஓடறாரு. அவரப் புடிச்சி நாலு பேரு ஒதைக்கறதுக்கு, நா ஒரு கற்பூரம் ஏத்திட்டுப் போறேன்." கொஞ்சம் சிரித்தாள். "நடிப்பும் வரல, ஒண்ணும் வரல. வெரலு போனவரு மாதிரியா ஓடனாரு? பஸ்ஸு போனவரு மாதிரி ஓடனாரு."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காகவும் கூசியது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அந்தப் படத்தில் வருவது நிஜமா என்று கேட்டேன். நான் நகல் எடுத்த காகிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். "படத்துல வெரலக் கடிச்சித் தின்னுறாரு. எங்க தாத்தனுக்கு அப்பாரு சாவறவரைக்கும் பத்து வெரலும் இருந்துச்சாம் டீச்சர். நெலம்தான் இல்ல."

கோபமே இல்லாமல் சொன்னாள். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி.

மாமனாரிடமும் அந்த நர்சரிக்காரரிடமும் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொன்னதும் அவள் சந்தோஷப்படுவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

"வேணாம் டீச்சர்."

ஏன் என்றேன்.

"இப்ப போயிச் சொன்னா, அப்ப ஏண்டி ஒத்துக்கின, ரெண்டு பேரும் சேந்து எங்கள ஏமாத்தனீங்களான்னு கேப்பாங்க. உங்கள ரெண்டு நாளு திட்டிட்டு வுட்ருவாங்க, நீங்க வூட்டு மருமவ. என்ன வுடுவாங்களா? சொல்லிட்டா உங்களுக்கு மனசு லேசாவும். எனுக்கு இன்னா ஆவும்?"

டம்ளரைக் கழுவிவைக்க எழுந்தேன். வைங்க டீச்சர், நா கழுவிக்கறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

இது நடந்து மூன்று வாரமாகிறது. அவள் இப்போது மணப்பட்டுப் பக்கம் ஒரு மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போகிறாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த நர்சரியில் இன்னும் ஒருவரை எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் விண்ணப்பிக்க மாட்டாள். நானாக அந்த நர்சரிக்காரரிடம் மட்டும் போய், வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதுவும் பாதி உண்மை. எனக்கு வலிக்காத பாதி. அவர் மாமனாரிடம் சொல்லாமல் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. சொல்லிவிட்டால், அவள் எதற்குப் பயந்தாளோ அது அவள் வீட்டு வாசலுக்கே போகும்.

அவள் வேண்டாம் என்றாள் என்பதைக் காரணமாக வைத்துப் பேசாமலிருப்பது எனக்கு எவ்வளவு வசதி என்பதும் எனக்குத் தெரிகிறது. அவள் வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்கிறேனா, அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறேனா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அவள் பேச்சை மீறிச் சொல்லலாமா? சொன்னால், திட்டும் அடியும் அவள் பக்கம் திரும்பாமல், என் பக்கமே நிற்கும்படி சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா? யாரிடம் முதலில், எந்த வார்த்தையில்? தாய்மார்கள் எழுதுங்கள். அடுத்தவர் வீட்டில் வேலை பார்த்து, செய்யாத ஒன்றுக்கு எப்போதாவது தலையாட்டியவர்கள் இருந்தால், அவசியம் எழுதுங்கள். உங்களிடம் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று ஒருத்தி நின்றிருந்தால், அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்? பள்ளி திறக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதற்குள் சொல்லுங்கள்.